ஸ்பிடி பைக் ட்ரிப்: குன்ஸும் பாஸ்ல இருந்து பின்னாடி கணக்கு போட்டு பிளான் பண்ணுங்க

கைடு இல்லாம, பின்னாடி பேக்கப் வண்டி இல்லாம, சொந்தமா பைக்ல இமாச்சலப் பிரதேசத்துல இருக்கிற ஸ்பிடி பள்ளத்தாக்குக்குப் போய்ட்டு வரணும்னு ஆசைப்படுறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர் இருக்காங்க. ஆனா பிளான் போடுறப்போ பாதி பேர் என்ன பண்றாங்கன்னா, கூகுள் மேப்பைத் திறந்து மொத்த கிலோமீட்டரைப் பாத்து, அதை லீவ் நாளால வகுத்துடுறாங்க. அந்தக் கணக்கு இங்க செல்லாது. சிம்லா, காஸா, மணாலின்னு சுத்துற ஸ்பிடி சர்க்யூட்டைத் தீர்மானிக்கிறது ஒரே ஒரு துண்டு ரோடுதான், லோசர் கிராமம் தாண்டி குன்ஸும் பாஸ் (கணவாய்) ஏறி, அந்தப் பக்கம் பாத்தல் இறங்கி, சத்ரூ வழியா மணாலி பக்கம் கிராம்ஃபூ வர்ற வரைக்கும். நடுவுல பெட்ரோல் பங்க் கிடையாது, போன்ல டவர் கிடையாது, பெரிய பெரிய கல்லு, ரோட்டுக்கு மேலயே ஓடுற பனித்தண்ணி. அந்தத் துண்டை எந்த மாசம், காலைல எத்தனை மணிக்கு, எவ்வளவு பெட்ரோலோட, உடம்பு எந்த நிலைமைல இருக்கும்போது கடக்கப் போறோம்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, மிச்ச பிளான் எல்லாம் அதுல இருந்து தானா வந்துடும்.

மொதல்ல மாசம். குன்ஸும் பாஸ் கிட்டத்தட்ட 4,550 மீட்டர் உயரம், நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. குளிர்காலம் முழுக்க பனியில மூடிக் கெடக்கும், பொதுவா மே கடைசி இல்ல ஜூன்ல தொறப்பாங்க, அக்டோபர் தாண்டினா எப்ப வேணா மூடிடும். ஜூன் ஜூலைல போனா பனி உருகுற நேரம், ஓடைல தண்ணி ஜாஸ்தி. ஜூலை ஆகஸ்ட்ல ஸ்பிடில மழை கம்மிதான், மழை மறைவுப் பகுதி அது, ஆனா சிம்லா பக்கம் இருந்து அங்க போய்ச் சேர கின்னவுர் மாவட்டம் வழியா போகணுமே, அங்க மழையில மலை சரியும். 2021 ஆகஸ்ட்ல நிகுல்சரி கிட்ட சரிஞ்ச மலை ஒரு கவர்மென்ட் பஸ்ஸையே மூடிடுச்சு. 2023 ஜூலைல மழையும் பனியும் சேர்ந்து அடிச்சதுல சந்திரதால் ஏரி கிட்ட கிட்டத்தட்ட 300 பேர் பல நாள் மாட்டிக்கிட்டாங்க. அதனால என்னைக் கேட்டா செப்டம்பர் நடுவுல இருந்து அக்டோபர் மொத வாரம் வரைக்கும்தான் பெஸ்ட். தண்ணி குறைஞ்சிருக்கும், வானம் தெளிவா இருக்கும். ராத்திரி குளிர் மட்டும் கடுமையா இருக்கும், அதுக்கு டிரெஸ் இருக்கு, மலைச்சரிவுக்கு எதுவும் இல்ல.

அடுத்தது எந்தப் பக்கம் இருந்து ஏறுறதுங்கறது. இதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம், சிம்லா பக்கம் இருந்துதான். சிம்லா 2,200 மீட்டர், நார்கண்டா 2,700, கல்பா 3,000-க்குக் கொஞ்சம் கீழ, அப்புறம் தாபோ 3,300 வாக்குல, கடைசியா ஸ்பிடியோட முக்கிய ஊரான காஸா 3,700 வாக்குல. ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமா உயரம் ஏறுது, உடம்பு பழகிடும். 3,000 மீட்டருக்கு மேல போனப்புறம் தூங்குற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல உயர்த்தாதீங்கன்னு மலை டாக்டர்கள் சொல்ற கணக்கு இந்த ரூட்டுக்கு அப்படியே பொருந்துது. மணாலில இருந்து நேரா குன்ஸும் ஏறினா 2,050-ல இருந்து ஒரே நாள்ல 4,550, அன்னிக்கு ராத்திரி காஸால தலைவலியோட படுத்துட்டு இருப்பீங்க. மணாலிலதான் வண்டி வாடகைக்கு எடுக்கப் போறோம்னாலும் பரவால்ல, ஆவுட் வந்து பஞ்சார், ஜலோரி பாஸ் வழியா இறங்கி ராம்பூர் ரோட்டைப் பிடிச்சுடலாம், சிம்லா வரைக்கும் போகத் தேவையே இல்ல.

காஸால குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்குங்க, மூணு கெடச்சா இன்னும் நல்லது. சும்மா ரூம்ல படுத்துக் கெடக்கணும்னு இல்ல, பகல்ல கீ மடாலயம், 4,400 மீட்டர்ல இருக்கிற ஹிக்கிம் போஸ்ட் ஆபீஸ், கோமிக், சிச்சம் பாலம்னு மேல போய்ட்டு ராத்திரி கீழ வந்து தூங்குங்க, உடம்பு பழகுறதுக்கு இதுதான் சரியான வழி. 996-ல கட்டின தாபோ மடாலயத்தையும் போற வழிலயே பாத்துடுங்க, உள்ள இருக்கிற சுவரோவியத்தை அவசரமா பாத்துட்டு ஓடி வராதீங்க. உயரத்துல வர்ற தலைவலி, மயக்கத்துக்கான டயமாக்ஸ் மாத்திரை பத்தி ஊர்லயே உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கிறவங்க கண்டிப்பா சொல்லணும். லேசான தலைவலி நெறைய பேருக்கு வரும், தண்ணி குடிச்சு ஒரு நாள் ரெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் போய்டும். ஆனா சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நேர்கோட்டுல நடக்கச் சொன்னா தள்ளாடுறாங்கன்னா அது வேற விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு கீழ இறங்கணும். இதுல ஒண்ணு கவனிங்க, காஸால இருந்து மணாலி பக்கம் கீழ இறங்கணும்னா மொதல்ல குன்ஸும் மேல ஏறித்தான் ஆகணும். அதனால தலைவலி இருக்கிற அன்னிக்கு அந்தப் பக்கம் வண்டிய எடுக்கவே கூடாது.

வண்டி எதுன்னு நெறைய பேர் ரொம்ப மண்டைய உடைச்சுக்குவாங்க. ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டி இருந்தா சொகுசு, பல்சர்ல போறவங்களும் இருக்காங்க. நான் பாக்குறது ரெண்டு விஷயம்தான்: அடியில கல்லு தட்டாத உயரம், கால் ரெண்டும் தரையில நல்லா ஊணுதா. கார்புரேட்டர் வண்டின்னா மேல காத்து கம்மியா இருக்கிறதால பெட்ரோல் ஜாஸ்தியா போய் இழுவை ரொம்பக் குறையும், எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டி தானா சரிபண்ணிக்கும், ஆனாலும் பவர் குறையத்தான் செய்யும்.

சென்னைல இருந்து சொந்த வண்டிய ரயில்ல அனுப்புறதா இருந்தா டிக்கெட்டோட லக்கேஜா புக் பண்ணுங்க, டிக்கெட் இல்லன்னா பார்சல். டேங்க்ல பெட்ரோல் ஒரு துளி கூட இருக்கக் கூடாது. ஆர்.சி., இன்சூரன்ஸ், ஐ.டி. காப்பி ரெண்டு மூணு செட் வச்சுக்கோங்க. ஸ்டேஷன் வாசல்லயே சாக்கு சுத்திக் கட்டித் தர ஆள் இருப்பாங்க, கட்டுறதுக்கு முன்னாடி மிரர் ரெண்டையும் நீங்களே கழட்டிப் பையில போட்டுக்கோங்க, கிளட்ச் லீவர், ஹெட்லைட், டேங்க் மேல எல்லாம் பழைய போர்வைய மடிச்சு வச்சு அதுக்கு மேல சாக்கு சுத்தச் சொல்லுங்க, உங்க பேர், போன் நம்பர், எங்க இருந்து எங்கங்கறத மார்க்கர்ல பெருசா எழுதி முன்னாடியும் பின்னாடியும் கட்டுங்க. நீங்க போற ரயில்லயே வண்டி ஏறும்னு நம்பி அடுத்த நாள் டெல்லில இருந்து கெளம்புற மாதிரி பிளான் போடாதீங்க, ரெண்டு நாள் தள்ளி வந்தாலும் தாங்குற மாதிரி வைங்க.

பெட்ரோலுக்கு வருவோம். ரெக்காங் பியோ பக்கத்துல போவாரில பங்க் இருக்கு, அடுத்து நம்பிப் போகக்கூடியது காஸாதான், நடுவுல சுமார் 200 கிலோமீட்டர். காஸால இருந்து மணாலியும் அதே 200 வாக்குல. நம்ம ஊர்ல 30 தர்ற வண்டி அங்க ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்லயே ஊர்றதால ரொம்பக் குறைச்சுத் தரும், அதனால 20-ன்னு வச்சே கணக்கு போடுங்க. அப்ப 200 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், சந்திரதால் போய்ட்டு வர இன்னும் ரெண்டு லிட்டர் சேர்த்துக்கோங்க. 13 லிட்டர் டேங்க்னா விளிம்புலதான் நிக்கும், 5 லிட்டர் கேன் ஒண்ணு கட்டிக்கோங்க, தண்ணி பாட்டில்ல பெட்ரோல் ஊத்திப் பையில வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். காஸால டேங்க் ஃபில் பண்றத கெளம்புற காலைக்கு வைக்காதீங்க, முந்தின நாளே முடிச்சுடுங்க, லாரி வரலன்னா ஸ்டாக் இருக்காது, அப்படியே உங்க காலை நேரமும் போய்டும். கேஷும் அப்படித்தான், காஸால ஏ.டி.எம். இருக்கு, ஆனா அதுல பணம் இருக்கணும்ல. பியோலயே எடுத்துடுங்க.

ஸ்பேர்ல எது எடுத்தாலும் எடுக்கலன்னாலும் முன் பின் டியூப், டயர் லீவர், பம்ப், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், லீவர் ஒரு செட், செயின் லிங்க், பிளக், ஃபியூஸ் இருக்கணும். புது கிளட்ச் கேபிளைப் பையில வைக்கிறத விட, ஊர்லயே பழைய கேபிள் போற வழியிலேயே பக்கத்துல புதுசையும் ஓட்டி, ரெண்டு முனையிலயும் டேப் சுத்தி, நாலு இடத்துல டேக் போட்டுக் கட்டிடுங்க. பழசு அறுந்தா டேங்க் கழட்ட வேண்டாம், குளிர்ல வெறைச்ச கையாலயே ரெண்டு முனையயும் மாத்தி மாட்டிட்டுப் போய்டலாம். அதே மாதிரி டியூப் டயரைக் கழட்டி மாட்ட வீட்டு வாசல்ல ஒரு தடவையாவது நீங்களே செஞ்சு பாருங்க, மெக்கானிக் செய்யறத வேடிக்கை பாத்தது கணக்குல வராது.

மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி வச்சுக்கோங்க. சாட்டிலைட் போன், கார்மின் இன்ரீச் மாதிரி கருவிய வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட வாங்கி எடுத்துட்டுப் போகலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம அத வச்சிருக்கிறதே குற்றம். அதுக்குப் பதிலா வீட்டுல ஒருத்தர்கிட்ட தெளிவா சொல்லி வைங்க, இந்த நாள் காலைல லோசர்ல கெளம்புறேன், அடுத்த நாள் ராத்திரிக்குள்ள போன் வரலன்னா 112-க்குக் கூப்பிடுங்கன்னு. இலங்கை, மலேசியா பாஸ்போர்ட் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க யாராவது கூட வந்தா பியோவுக்கும் தாபோவுக்கும் நடுவுல பெர்மிட் வேணும், அத முன்கூட்டியே வாங்கிடணும். இந்தியக் குடிமக்களுக்கு இந்த ரூட்டுல அது தேவையில்ல.

இப்ப அந்த நாள். முந்தின ராத்திரி லோசர்ல தங்கினா நல்லது. லாஹௌல் ஸ்பிடி போலீஸ் ரோடு நிலவரத்த சோஷியல் மீடியால போடுவாங்க, ஆனா லோசர்ல டவர நம்ப முடியாது, அதனால காஸாலயே பாத்துட்டு வாங்க, லோசர் செக்போஸ்ட்ல என்ட்ரி போடும்போதும் கேளுங்க, எதுத்தாப்ல மணாலி பக்கம் இருந்து வந்த டிரைவர்கிட்டயும் கேளுங்க, கேக்குறதுல குறைச்சலே வேண்டாம். காலைல வெளிச்சம் வந்ததும் கெளம்பிடணும். காரணம் சிம்பிள், ராத்திரி குளிர்ல பனி உருகாது, காலைல ஓடைல முழங்காலுக்குக் கீழ ஓடுற தண்ணி மத்தியானம் வெயில் ஏறினப்புறம் இடுப்பு வரைக்கும் வந்துடும். சந்திரதால் பாக்கணும்னா அன்னிக்கே மணாலி போற நினைப்ப விட்டுட்டு அங்க டென்ட்ல தங்கிட்டு அடுத்த நாள் காலைல கெளம்புங்க. டென்ட் எல்லாம் ஏரிக்குக் கொஞ்சம் முன்னாடியேதான் இருக்கும், கரையில போட விட மாட்டாங்க, உயரமும் 4,200 மீட்டர் வாக்குல, காஸால நல்லா பழகினவங்க மட்டும் தங்குங்க.

ஓடை வந்தா வண்டிய நிறுத்தி இறங்கிப் பாருங்க. ஜீப் எந்த வழியா போகுதுன்னு பாருங்க, அந்த டயர் தடத்துலதான் கல்லு ஓரளவு நகந்து இருக்கும். தண்ணி கலங்கலா, உள்ள கல்லு உருள்ற சத்தம் கேட்டுச்சுன்னா காத்திருங்க. போகலாம்னு தோணினா ஃபர்ஸ்ட் கியர், ஒரே சீரா ஆக்சிலரேட்டர், கிளட்ச்சை நடுவுல முழுசா பிடிக்கக் கூடாது, கண்ணு எதிர்க்கரையில இருக்கணும், முன் வீலுக்குக் கீழ பாத்தா அங்கயே விழுவீங்க. தள்ளிட்டுத்தான் போகணும்னா தண்ணி வர்ற பக்கம் நீங்க நில்லுங்க, வண்டி மறுபக்கம் இருக்கட்டும், அடிச்சா அது உங்க மேல விழாது. வண்டி தண்ணியில சாஞ்சு ஆஃப் ஆயிடுச்சுன்னா செல்ஃப் அடிச்சுடாதீங்க, இன்ஜின் உள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடே வளைஞ்சுடும். கரைக்கு இழுத்து, பிளக்கைக் கழட்டிட்டு சுத்தி தண்ணிய வெளிய தள்ளிட்டு, ஏர் ஃபில்டரைப் பாத்துட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. காஞ்ச சாக்ஸ் ரெண்டு ஜோடி பாலிதீன் கவர்ல மேலாகவே இருக்கணும்.

இதெல்லாம் செஞ்சும் அன்னிக்கு ரோடு மூடியிருக்கலாம். அதுக்குத்தான் பிளான்ல ரெண்டு நாள் சும்மா விட்டு வைக்கச் சொல்றேன், ஊருக்குத் திரும்புற டிக்கெட்ட அந்த ரெண்டு நாளுக்கு அப்புறம் போடுங்க. ரெண்டு நாள்லயும் தொறக்கலன்னா வந்த வழியிலயே கின்னவுர் பக்கம் திரும்பிடுங்க, அதுக்கும் சேர்த்து பெட்ரோல், காசு கணக்கு முன்னாடியே இருக்கணும். கூட வர்றவங்ககிட்டயும் இத ஊர்லயே பேசி முடிச்சுடுங்க, ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா எல்லாரும் நிக்கணும். ஓடைக்கரைல நின்னுக்கிட்டு இந்தப் பேச்ச ஆரம்பிச்சா சண்டைலதான் முடியும்.

கிராம்ஃபூ தாண்டி கோக்சர் வந்துட்டா தார் ரோடு, அப்புறம் 9 கிலோமீட்டர் அடல் டனல், அந்தப் பக்கம் மணாலி. ஆனா கோக்சர்லயே ஒரு டீ சொல்லிட்டு செயின், ஸ்போக், கேரியர் போல்ட், பிரேக் எல்லாத்தையும் கையால ஆட்டிப் பாத்துடுங்க, கல்லு ரோட்டுல லூசான போல்ட் நல்ல ரோட்டுல வேகம் எடுக்கும்போதுதான் கழண்டு விழும்.