சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு ஆயில்: செய்யக்கூடாத தவறுகள்

சூப்பர்சார்ஜர் வைத்த பழைய கார்களைப் பாதி விலைக்கு வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றிப் பார்க்கும் தம்பிகளைக் காரைக்குடிப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். ஆர்வம் நல்லதுதான். ஆனால் நாங்கள் தொழில் பழகிய நாளில் பட்டறையில் நடந்த அதே தவறுகள் அப்படியே நடக்கின்றன. பில்டர் மாற்ற மறப்பது, டிரெயின் போல்ட்டை ஓவராக முறுக்கி மரையைக் கெடுப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் புத்தி வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான்"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. பிஸ்டன் மேல் விழும் அழுத்தம் கூடுகிறது, பேரிங்குக்குப் பாரம் ஏறுகிறது. அதுவரை சரி. அங்கிருந்து "சித்திரை வெயில் வேற, ஊத்து 20டபிள்யூ-50" என்று தாவுகிறார்களே, அங்கேதான் தப்பு.

கூலன்ட் சூட்டைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. ரேடியேட்டர் ஒழுங்காக இருந்தால், கானாடுகாத்தானில் ஓடினாலும் கொடைக்கானலில் ஓடினாலும் நன்றாகச் சூடேறிய இன்ஜினில் ஆயில் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 20டபிள்யூ-50 என்பதுபோல ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எஸ்ஏஇ கிரேடில் பின் எண்ணும் அந்தச் சூட்டுக்கானதே. 40 என்றால் 100 டிகிரியில் கெட்டித்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 5டபிள்யூ-40, 20டபிள்யூ-40 இரண்டுக்கும் இந்த அளவு ஒன்றுதான். முன் எண் ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைச் சொல்கிறது.

"நமக்கு ஏதுண்ணே குளிரு?" என்பார்கள். 100 டிகிரிக்குக் கணக்குப் போட்ட ஆயிலுக்கு நம் ஊர் விடியற்காலை 28 டிகிரியே குளிர்தான். 40 டிகிரியில் அளந்தால்கூட 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-40 ஆயிலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கெட்டி.

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். சூப்பர்சார்ஜர் வைத்த ஜெர்மன் கார். வேறொரு பட்டறையில் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தார்கள். தனியாக ஆயில் பிரஷர் கேஜும் மாட்டியிருந்தார். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முன்பக்கம் டைமிங் செயின் கரகரவென்று கத்துகிறது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்குகிறது. கேஜில் முள் உச்சியில் நிற்கிறது.

"பிரஷர் நல்லாத்தானே காட்டுதுண்ணே?"

"முள்ளு ஏறுறது வேற தம்பி, ஆயில் போய்ச் சேர்றது வேற."

கெட்டி ஆயில் குறுகிய வழிகளில் நகர மறுக்கும்போது பம்ப் பக்கம் அழுத்தம் ஏறுகிறது. அளவுக்கு மேல் ஏறியதும் ரிலீஃப் வால்வு திறந்து, மேலே போக வேண்டிய ஆயிலில் ஒரு பங்கைத் திருப்பிவிடுகிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் அட்ஜஸ்டரும் அந்த ஆயிலுக்காகக் காத்துக் கிடக்கின்றன. ஆயிலை இறக்கிவிட்டு, கார் புத்தகத்தில் சொன்ன 5டபிள்யூ-40 ஊற்றியதும் சத்தம் பெருமளவு குறைந்தது. முழுதாகப் போகவில்லை, செயின் ஏற்கெனவே நீண்டிருந்தது. ஓடிய கிலோமீட்டரும் அதிகம், அதனால் பழி முழுவதையும் ஆயில் மேல் போட மாட்டேன். ஆனாலும் செயின், டென்ஷனர், கூலி என்று அவர் கொடுத்த பணத்தில் நல்ல ஆயில் வருடக்கணக்காக ஊற்றியிருக்கலாம்.

கேனில் கிரேடு எண்ணை மட்டும் பார்ப்பது

பேரிங்கைக் காப்பது 150 டிகிரியில், வேகமாக உராயும் நிலையில் ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான். ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கமான ஏசிஇஏ வகுத்த ஏ3/பி4 தரம் என்றால் அந்த அளவு குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-செகண்ட். ஏ5/பி5 என்றால் 2.9 வரை இறங்கலாம். இரண்டு கேனிலும் 5டபிள்யூ-30 என்றே போட்டிருக்கும். கார் புத்தகம் ஏ3/பி4 கேட்டால், கேனைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். மெர்சிடிஸ் 229.5 போன்ற கம்பெனி அனுமதி எண்ணும் அங்கேதான் இருக்கும்.

மைலேஜுக்காக 0டபிள்யூ-20

புத்தகத்தில் இல்லையென்றால் வேண்டாம்.

சூப்பர்சார்ஜருக்குள் இன்ஜின் ஆயில்

ஈட்டன் கம்பெனியின் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர்களில், காற்றைத் தள்ளும் இரண்டு உருளைகளைச் சுழற்றும் கியருக்குத் தனி ஆயில் உண்டு. அதில் இன்ஜின் ஆயிலைக் கலக்காதீர்கள்.

கிலோமீட்டர் ஆகவில்லை என்று விட்டுவைப்பது

நம் பக்கத்தில் இது நிறைய. வீட்டார் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கார் பெரிய வீட்டின் கொட்டகையில் தூங்கும். கல்யாணம், திருவிழா என்றால் வெளியே வரும், பிள்ளையார்பட்டி வரை போய் வந்து மறுபடி நின்றுவிடும். அந்தக் குறைந்த தூரத்தில் ஆயில் சரியாகச் சூடேறாது. சிலிண்டர் வழியாக இறங்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கி, 40 கிரேடு ஊற்றிய ஆயிலை அதற்கும் கீழே இளக்கிவிடும். டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, ஊற்றிய அளவைவிட மட்டம் ஏறியிருந்தாலோ, மீட்டர் ஆயிரம் கிலோமீட்டர்கூடக் காட்டாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும்.