தூத்துக்குடிக்கு இரண்டு நாள் வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை இரவு வந்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில் ஏறியவர்கள்தாம் பெரும்பாலும் "தூத்துக்குடியில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்கள் வந்த நேரம் அப்படி. ஞாயிறு இங்கே கடலுக்கு ஓய்வு. இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அன்று அவர்கள் கோயிலில் இருப்பார்கள், படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்.

ஆகவே வெள்ளி இரவே கிளம்பிவிடுங்கள். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலையில் இறங்கிவிடலாம். அந்தச் சனிக்கிழமையை திரேஸ்புரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் கடலில் தங்கி மீன் பிடிக்கும் நாட்டுப் படகுகள் பெரும்பாலும் அன்றுதான் கரை திரும்புகின்றன. சீலா, விளமீன், பாறை, ஊளி என்று பல வகை மீன்கள் ஈரத் தரையில் வரிசையாகக் கிடக்க, ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். எதிரே நிற்கும் வியாபாரி வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைப்பார்; மீன் கைமாறிவிடும். ஐந்து நிமிடம் கூர்ந்து பார்த்தால்தான் யார் வாங்கினார் என்பதே நமக்குப் பிடிபடும். வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்களுடைய ஒரு வாரக் கூலி தீர்மானமாகும் நேரம்.

விசைப்படகுகளைப் பார்க்க விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவது இன்னொரு தவறு. இங்கே அவை அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் வழக்கம் உள்ளவை. கூட்டமும் பரபரப்பும் இரவில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகா.

அடுத்தது, கப்பல் பார்க்கிறேன் என்று நேரே புதிய துறைமுகத்துக்கு ஆட்டோ பிடிப்பது. வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கிய அந்தப் பெருந்துறைமுகம் 1974இல் வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஊரின் கதை இருப்பது பழைய துறைமுகத்தில். அந்தப் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டுவிட, சரக்கையும் ஆட்களையும் கரைக்கும் கப்பலுக்குமாகச் சுமந்தவை தோணிகள். புதிய துறைமுகத்தில் கப்பல்கள் கரையோரமே அணைய ஆரம்பித்ததும் தோணிகளுக்கு அந்த வேலை போயிற்று. ஆனாலும் அவை அழிந்துவிடவில்லை. இன்றும் காய்கறியும் வெங்காயமும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. மரப்பலகையில் செய்த அந்த வயிறு பெருத்த உடலைப் பார்க்காமல் ஊர் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் அவை ஓடா. வருவதற்கு முன் அதையும் கணக்கில் எடுங்கள்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் பதிவாகி இயங்கியதும் இந்த ஊரில்தான். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை வெட்டியது, பயணிகளுக்கு இலவசமாகக் குடைகூடக் கொடுத்தது. 1908இல் வ.உ.சி.யைக் கைது செய்த பிறகு கம்பெனி நிலைக்கவில்லை. இதையெல்லாம் கொஞ்சம் தெரிந்துகொண்டு பீச் ரோட்டில் நடந்தால் அந்தச் சாலை வேறாகத் தெரியும். அதே சாலையில் டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அவர்களுடைய வணிகக் கம்பெனியின் சுருக்கப் பெயரும், ஆங்கிலத்தில் வ.உ.சி.யின் பெயரைச் சுருக்குவது போலவே, வி.ஓ.சி.தான் என்பது விசித்திரமான ஒற்றுமை. 1713இல் எழுந்த பனிமய மாதா ஆலயமும் அருகிலேயே. மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை திருவிழா. திருவிழாவுக்கென்றே வந்தால் அருமையான நாட்கள்; சாதாரண விடுமுறை என்று நினைத்து வந்தால் தங்க அறை கிடைக்காது. தங்கத் தேர் எல்லா ஆண்டும் ஓடுவதில்லை என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர் என்ற பெயரை நம்பி முத்து வாங்குவதுதான் பணம் போகிற தவறு. மன்னார் வளைகுடாவில் முறையான முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். இன்று ஒருவர் "இந்தக் கடலில் எடுத்தது" என்று சொல்லி நீட்டினால் விலையைக் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். சங்குதான் இன்றும் மூழ்கி எடுக்கிறார்கள். வங்காளப் பெண்கள் அணியும் சங்கு வளையலுக்கு இந்தக் கரையின் சங்கு போன வரலாறு நீண்டது.

தீவுக்குப் படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது அழைத்தாலும் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவில் அடங்கியவை, அனுமதியின்றி இறங்கக் கூடாது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததன் விளைவாக வான் தீவு கரைந்து சிறுத்துவிட்டது. செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கித்தான் அதைக் காக்கிறார்கள். முயல் தீவுக்குத் தரைவழியே போகலாம், அது போதும்.

உப்பளங்களை மதிய வெயிலில் பார்க்கப் போகாதீர்கள். வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். உப்பு வாருகிறவர்கள் அதற்காகவே விடியும் முன் வேலையைத் தொடங்குகிறார்கள். மழைக்காலத்தில் போனால் உப்பே இருக்காது.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் திருச்செந்தூர், மணப்பாடு, கொற்கை மூன்றையும் முடிக்கத் திட்டமிடுவோர் உண்டு. திருச்செந்தூர் தரிசனத்துக்கே அன்று பல மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. இன்று கடல் சில கிலோமீட்டர் விலகிப்போய், வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. அங்கே நின்று கடல் எந்தத் திசையில் இருந்திருக்கும் என்று தேடிப் பாருங்கள்.

இரவில் "நைட் கிளப்" என்ற பலகையைக் கண்டு ஒதுங்க வேண்டாம். இந்த ஊரில் அது பரோட்டாக் கடை. குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம்.

மக்ரூன் வாங்குவதை ஊர் திரும்பும் நாளுக்கு வையுங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு அது. சைவம் என்று நினைத்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கடற்காற்று பட்டால் நமுத்துப் போகும். காற்றுப் புகாத டப்பா கையோடு கொண்டுவந்து, கடையிலேயே அதில் போட்டு மூடி, வீட்டுக்குப் போய்த் திறங்கள்.