ஆன் ஆகாத கணினி: பாகம் வாங்குவதற்கு முன் கோளாற்றைக் கண்டறியும் முறை

பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், மலேசியாவில் உள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவில், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடி முழங்காத மாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படி ஒரு மாலையில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஈ.எல்.சி.பி. சுவிட்ச் டிரிப் ஆகி, அதை மீண்டும் தூக்கிவிட்டபோது விளக்குகள் எரிந்தன, குளிர்பெட்டி ஓடியது, மகள் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுப் பாடங்களுக்குப் பயன்படுத்தும் மேசைக் கணினி மட்டும் சரியாக எழவில்லை. பட்டனை அழுத்தினால் மின்விசிறிகள் சுழலும். திரை கறுப்பாகவே இருக்கும். ஏழெட்டு நொடியில் தானே அணைந்து மறுபடி சுழலத் தொடங்கும். நான் பவர் சப்ளையை, அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டியைச் சோதித்து, அது நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டி, 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வேறொரு மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் செருகும் முதன்மைப் பலகை, வாங்கி மாட்டினேன். அதிலும் அதே நோய் தொடர்ந்தது. கெட்டுப்போயிருந்தது பவர் சப்ளைதான். அந்தச் சோதனையில் நான் எங்கே தவறினேன் என்பதை விரிவாகச் சொல்லவே இந்தப் பதிவை எழுதுகிறேன். மற்ற படிகளைத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில், கணினி எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள்

பட்டனை அழுத்தியும் சிறு அசைவுகூட இல்லை என்றால் சுவர் சாக்கெட் முதல் பட்டன் வரை உள்ள பாதையில் கோளாறு இருக்கிறது. மின்விசிறி ஒரு கணம் துடித்து நின்றுவிட்டால், எங்கோ ஷார்ட் ஏற்பட்டுப் பவர் சப்ளை தன்னைத்தானே காத்துக்கொள்கிறது, அல்லது பாரத்தைத் தாங்க முடியாமல் விழுகிறது. விசிறி தொடர்ந்து ஓடியும் படம் வரவில்லை என்றால் ராம் (தற்காலிக நினைவகம்), கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை), பிராசசருக்கான (கணினியின் மூளையான சில்லுக்கான) தனி மின் இணைப்பு ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். உற்பத்தியாளரின் சின்னம் திரையில் தோன்றி அதன் பிறகு நின்றால், பெரும்பாலும் வன்தட்டிலோ விண்டோஸிலோதான் பழுது. இந்தப் பதிவு அதைப் பற்றியதன்று.

சுவரிலிருந்து பட்டன் வரை

எக்ஸ்டென்ஷனை ஒதுக்கிவிட்டுக் கணினியை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கை மாட்டி எரிகிறதா என்று பாருங்கள். நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; அது எரிந்துபோயிருந்தால் வேறெந்தச் சோதனையும் வீண். வேறொரு மின்கம்பியை மாற்றிப் பார்ப்பதே எளிய வழி. மானிட்டருக்குப் போகும் கம்பி பெரும்பாலும் இதே வகைதான். கேசிங்கின் பின்புறம் உள்ள சிறிய சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சும் இருக்கும். நம் நாட்டில் அது எப்போதும் 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் பவர் சப்ளை வெடித்துவிடும்.

கணினியின் பிளக்கைச் செருகியவுடனேயே ஈ.எல்.சி.பி. டிரிப் ஆகிறது என்றால், மதர்போர்டுக்கும் வன்தட்டுக்கும் போகும் எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டுப் பவர் சப்ளையை மட்டும் செருகிப் பாருங்கள். அப்போதும் டிரிப் ஆனால் அதை மாற்றத்தான் வேண்டும். அதைத் திறந்து பழுதுபார்க்க முயலாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் உள்ளே இருக்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கும் மேல் தேங்கி நிற்கக்கூடும். அனுபவம் உள்ளவர்களே தயங்கும் வேலை அது.

அடுத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பல மதர்போர்டுகளில், பட்டனை அழுத்துவதற்கு முன்பே, மின்சாரம் வந்திருப்பதைக் காட்டும் ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்தும் பட்டனுக்கு அசைவு இல்லை என்றால் பட்டனே பழுதாகியிருக்கலாம். பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் மதர்போர்டில் செருகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை உருவிவிட்டு, அங்குள்ள இரண்டு ஊசிகளையும் ஸ்குரூ டிரைவரின் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கணினி எழுந்தால் குறை பட்டனில்தான் இருக்கிறது. ரீசெட் பட்டனின் வயரை அந்த ஊசிகளில் மாற்றி மாட்டிக்கொண்டால் செலவே இல்லாமல் வேலை முடிந்துவிடும்.

நான் ஏமாந்த இடம்: பவர் சப்ளைச் சோதனை

இணையத்தில் எல்லோரும் சொல்லும் பேப்பர் கிளிப் சோதனை இதுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பவர் சப்ளையின் எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட வேண்டும். பிறகு, 24 துளை கொண்ட பெரிய இணைப்பியில் பச்சை வயர் உள்ள துளையையும் அதற்குப் பக்கத்துக் கறுப்பு வயர் உள்ள துளையையும் வளைத்த ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, அதன் பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். பவர் சப்ளையின் விசிறி சுழன்றால் அது உயிரோடு இருக்கிறது என்று பொருள். புதிய பவர் சப்ளைகளில் எல்லா வயர்களும் கறுப்பாகவே இருக்கும். அப்போது ஊகித்துச் செருகாமல், 16ஆம் எண் துளை எது என்பதைக் கையேட்டுப் படத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

என்னுடையதில் விசிறி அழகாகச் சுழன்றது. மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வயரில் 12.1 வோல்ட், சிவப்பு வயரில் 5.05 வோல்ட். மேசைக் கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். தரத்தின்படி இந்த அழுத்தங்கள் 5 விழுக்காடு வரை கூடலாம், குறையலாம். அதாவது 12 வோல்ட் வயரில் 11.4 முதல் 12.6 வரையிலும், 5 வோல்ட் வயரில் 4.75 முதல் 5.25 வரையிலும் இருந்தால் சரி. இவ்வளவு நல்ல எண்களைப் பார்த்த பிறகு வேறு யாராக இருந்தாலும் மதர்போர்டைத்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்தச் சோதனையில் பவர் சப்ளை எந்தப் பாரத்தையும் சுமக்கவில்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வரிசையில் ஒரு வீட்டுக் குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். காலையில் எல்லா வீட்டிலும் திறந்த பிறகுதான் குழாயின் உண்மையான நிலை தெரியும். வயதாகி உலர்ந்துபோன கெப்பாசிட்டர்கள் உள்ள பவர் சப்ளையும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது 12 வோல்ட்டைச் சரியாகக் காட்டும்; பிராசசர் மின்சாரத்தை இழுக்கத் தொடங்கிய கணத்தில் சரிந்துவிடும்.

ஆகவே எல்லாவற்றையும் மறுபடி மதர்போர்டில் மாட்டி, கணினி எழ முயலும் வேளையில் அளக்க வேண்டும். வன்தட்டுக்கோ பழைய சிடி டிரைவுக்கோ போகும் நான்கு துளை இணைப்பியில் ஒன்று பெரும்பாலும் பயன்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரை நேர் மின்னோட்டத்தில், அதாவது டி.சி.யில், 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரின் துளையிலும் சிவப்பு முனையை மஞ்சள் வயரின் துளையிலும் நுழையுங்கள். இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. அவற்றை ஒருவர் பிடித்துக்கொள்ள, பட்டனை இன்னொருவர் அழுத்துவது நல்லது. நான் அப்படி அளந்தபோது மகள் பட்டனை அழுத்தினாள், மீட்டரில் 12.1 என்று தோன்றிய எண் 11.2, 10.8, 10.6 என்று இறங்கியது, கணினி அணைந்தது, எண் மறுபடி 12ஐ நோக்கி ஏறியது. மூன்று முறையும் அதே ஏற்ற இறக்கம்தான். அதற்கு முன் பார்த்த 12.1 எந்த அளவுக்குப் பொய்யான ஆறுதல் என்பது அப்போதுதான் விளங்கியது.

கணினி ஒரு நொடிக்குள் அணைந்துவிடும் என்றால் சாதாரண மீட்டரால் அந்த வீழ்ச்சியைப் பிடிக்க முடியாது. குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்து வைக்கும் வசதி உள்ள மீட்டர் இருந்தால் ஓரளவுக்கு உதவும். இல்லையென்றால், நன்றாக ஓடும் வேறொரு கணினியின் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. செருகியவுடன் நான்கு எண்களைக் காட்டும் டெஸ்டர் பெட்டிகளில் பலவும் போதிய பாரம் கொடுக்காமல் அளப்பவையே. பேப்பர் கிளிப்பைவிட அவை அதிகமாக எதையும் சொல்லிவிடாது. அந்தப் பணத்தில் 30 வெள்ளிக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள் என்பேன்.

விசிறி ஓடுகிறது, படம் இல்லை

மின்சாரம் சரி என்று உறுதியான பிறகுதான் இந்தக் கட்டத்துக்கு வர வேண்டும். பிராசசருக்குப் பக்கத்தில் மதர்போர்டின் ஓரத்தில் செருகும் நான்கு அல்லது எட்டு முனை இணைப்பி அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலும் விசிறிகள் ஓடும், ஆனால் பிராசசர் வேலை செய்யாது. பிறகு வன்தட்டு, யுஎஸ்பி சாதனங்கள், நெட்வொர்க் கம்பி அனைத்தையும் கழற்றிவிட்டு, பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், திரை ஆகியவற்றோடு மட்டும் கணினியை எழுப்பிப் பாருங்கள். எழுந்தால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சுவர் சுவிட்சை நிறுத்தி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகே உள்ளே கைவையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், கணினி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்று தெரியாமல் போய்விடும்.

ராமைக் கழற்றினால் அதன் பொன்னிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஈரக் காற்றில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த ராமில், பற்களின் மேல் மங்கிய ஒரு படலம் தெரியும். பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை அழிப்பானால் ஒரே திசையில் நான்கைந்து முறை தேய்த்து, துகள்களை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான அழிப்பான் வேண்டாம். அது பொன்முலாமைச் சுரண்டிவிடும். மோட்டார் சைக்கிள் பட்டறைக் காற்றுக் குழாயும் வேண்டாம். அதில் நீர்த்துளி கலந்து வரும். நான்கு துளை கொண்ட பெரும்பாலான மதர்போர்டுகளில், ஒற்றை ராமைப் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் துளையில் செருக வேண்டும். அங்கே எழவில்லை என்றால் மற்றத் துளைகளிலும் முயலுங்கள்.

மதர்போர்டில் சி.பி.யு., டி.ராம், வி.ஜி.ஏ., பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். விளக்குகள் இல்லாதவற்றுக்கு ஒரு சிறிய ஸ்பீக்கரை மாட்டினால் பீப் ஒலி கேட்கும். அதன் பொருள் பயோஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டில் உள்ள நிரல்) தயாரிக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் உங்கள் மதர்போர்டின் கையேட்டையே பாருங்கள். மதர்போர்டில் உள்ள காசு வடிவச் சிஆர் 2032 பேட்டரியைப் பிளக் கழற்றிய நிலையில் ஐந்து நிமிடம் எடுத்து வைத்துவிட்டு மறுபடி மாட்டினால் பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். ராம் மாற்றிய பிறகு எழாமல் போன கணினிகள் சில நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளையும், அதாவது கெப்பாசிட்டர்களையும், டார்ச் அடித்துப் பாருங்கள். தலைப்பகுதி தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த மதர்போர்டின் காலம் முடியப்போகிறது. 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வந்த பலகைகளில் இது பரவலாக நடந்தது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். எல்லாம் மாற்றியும் படம் வரவில்லையாம். அவருடைய பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தது. இன்டெல் நிறுவனத்தின் அந்த வகையில் உள்ளமைந்த கிராபிக்ஸ் வசதி கிடையாது. மானிட்டர் கம்பியை மதர்போர்டில் செருகினால் படம் வராது. கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். மாற்றிச் செருகியதும் வந்துவிட்டது. டிடிஆர் 5 ராம் உள்ள புதிய கணினியை முதன்முறை எழுப்புகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு இருக்கக்கூடும். பதற்றப்பட்டு அணைக்காமல் பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள்.

பீடோரிலிருந்து ஓர் அக்காள் எழுதியது, நான் மேலே போதிய அழுத்தம் கொடுக்காமல் விட்ட ஒன்று. அவர் கணினி பட்டனை அழுத்தியதும் துடித்து நின்றுவிடும். பவர் சப்ளையை மாற்றியும் பயனில்லை. முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே இருந்த நான்கு தகடுகளில் ஒன்று வளைந்து பக்கத்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்பக்க யுஎஸ்பி வயரை மதர்போர்டிலிருந்து உருவியதும் கணினி எழுந்தது. எனவே எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டேன் என்று சொல்வதற்கு முன், கேசிங்கின் முன்பக்கத்திலிருந்து வரும் யுஎஸ்பி, ஆடியோ வயர்களையும் கழற்றிப் பாருங்கள். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கோடு சேர்த்து நெட்வொர்க் கம்பியையும் உருவி வையுங்கள். வீட்டுக்குள் வருவது ஃபைபராக இருந்தாலும், ரவுட்டரிலிருந்து கணினிக்கு வருவது செப்புக் கம்பிதான்.