கண்ணாடி முன் நிற்பதற்கு மட்டும் துணி எடுக்காதீர்கள்

துணிக்கடையில் உடை மாற்றிப் பார்க்கும் அறைக்குள் நாம் எப்படி நிற்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தோளை நிமிர்த்திக்கொண்டு, மூச்சைக்கூடக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குப் பொருந்தும் உடையைத்தான் பணம் கொடுத்து வாங்கி வருகிறோம். மற்ற நேரமெல்லாம் நாம் நாற்காலியில் சாய்ந்திருக்கிறோம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறோம், குனிந்து அரிசி களைகிறோம், வியர்க்கிறோம். என் அலமாரியில் தூங்கும் துணிகளில் பாதி இந்த ஒரே தவற்றால் வந்தவை.

எனவே அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள். முக்காலி இல்லையென்றால் குந்துங்கள். குர்தாவின் பக்கத் திறப்பு எங்கே தொடங்குகிறது என்று அப்போது தெரிந்துவிடும். அது இடுப்பின் அகலமான இடத்துக்குக் கீழே தொடங்கினால் உட்காரும்போது துணி அங்கே இழுத்துச் சுருக்கம் விழும். நிற்கும்போதும் இடுப்பு இன்னும் அகலமாகத் தெரியும். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். இங்கே பலரும் ஏமாறுகிறோம். கைக்குழி, அதாவது உடலோடு கையைத் தைத்துச் சேர்க்கும் வளைவு, தாராளமாக இறங்கியிருந்தால் வசதி என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. இறங்கிய கைக்குழியில் கையைத் தூக்கினால் பக்கத் துணி முழுவதும் கையோடு மேலேறி வரும். அக்குளுக்கு நெருக்கமாக, ஆனால் அறுக்காமல் வெட்டிய கைக்குழியில் கை மட்டும் போகும், உடை இருந்த இடத்திலேயே இருக்கும்.

தோள் தையலையும் பார்த்துவிடுங்கள். அது தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். பக்கவாட்டில் தளர்ச்சி இருந்தால் எந்தத் தையல்காரரும் பிடித்துக் கொடுத்துவிடுவார். தோளைச் சரிசெய்வது பாதிச் சட்டையைப் பிரிக்கிற வேலை. தோள் சரியாக இருக்கும் உடை மலிவானதானாலும் எடுப்பாகத் தெரிகிறது. தோள் சரிந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்ததும் இரவல் வாங்கியது போல் ஆகிவிடுகிறது.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறு தனி வகை. பழைய அளவு ரவிக்கை ஒன்றை எடுத்துப் போய், “இதே அளவு” என்று சொல்லிவிட்டு வருவோம். எங்கள் தெருவில் தைக்கும் அக்கா ஒருமுறை என் அளவு ரவிக்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதில் இரண்டு தையல் பிரித்திருக்கிறது, மூன்றாவது பாதியில் நிற்கிறது. இதில் எதை அளவு என்று நான் எடுப்பது?” பதில் சொல்ல முடியவில்லை. உடம்பு மாறியிருக்கிறது, துணியும் துவைத்துத் துவைத்து மாறியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது டேப் வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள், அதுவும் தினமும் அணியும் உள்ளாடையோடு. லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் துவையலில் உள்துணி சுருங்கி மேல்துணியை இழுத்துப் பிடிக்கும். சேலைக்கு அடிக்கும் ஃபால்ஸுக்கும் இதே கதைதான். கரை ஓரம் சுருண்டு நிற்கும் புதுச் சேலைகளில் பலவற்றின் குற்றவாளி நனைக்காத ஃபால்ஸ்.

துணியின் ரகத்துக்கு வருகிறேன். ‘காட்டன்’ என்று விற்பனையாளர் சொல்வதும் உள்ளே தைத்திருக்கும் சீட்டு சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, சீட்டைப் படியுங்கள். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி நூல் தன் எடையில் எட்டு விழுக்காடு அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொள்கிறது. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. சித்திரை வெயிலில் முதுகில் ஒட்டும் சட்டைக்குக் காரணம் இதுதான். ரேயான் பருத்தியைவிட ஈரம் வாங்கும், விழுவதும் அழகாக விழும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் நனைந்தால் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதை முறுக்கிப் பிழிந்தால் கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போகும். பிழியாமல் நிழலில் தொங்கவிடுகிறவர்கள் மட்டும் ரேயான் எடுங்கள். நானெல்லாம் முறுக்குகிற கட்சி, அதனால் எடுப்பதில்லை.

நிறத்தைக் கடை விளக்கில் தீர்மானிக்காதீர்கள். சேலையை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் விரித்துப் பார்க்கும் பழைய பாட்டிமாரைக் கடைக்காரர்கள் முணுமுணுத்தபடியே அனுமதித்தார்கள். பாட்டிமார் செய்தது சரி.

இனி செருப்பு. எண்ணைச் சொல்லி வாங்குவதுதான் முதல் தவறு. நம் கடைகளில் பெரும்பாலும் புழங்கும் இங்கிலாந்து அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். உங்கள் பாதத்தின் அகலத்தைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செருப்பே வாழ்க்கையாக வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்துதான் இருக்கும். அதைக் கூர்மூக்கு ஷூவுக்குள் திணித்தால் சுண்டுவிரல்தான் வரி கட்டுகிறது. வெள்ளைத் தாளில் இரண்டு பாதங்களையும், எடை முழுவதையும் ஊன்றி நின்றபடி, வரைந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய பாதத்தின் தாளைக் கத்தரித்து எடுத்துப் போய் ஷூவின் அடிப்பாகத்தோடு வைத்துப் பாருங்கள், தாள் வெளியே நீட்டினால் அது உங்களுக்கானது இல்லை. போகும் நேரம் மாலையாக இருக்கட்டும். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதற்குப் பொருந்துவது காலையிலும் பொருந்தும். ஷூவைக் கையில் வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நடுவில் மடிந்தால் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, நல்ல ஷூவை விசேஷத்துக்கு என்று பெட்டியில் பூட்டி வைப்பது. இரண்டே முறை போட்ட ஒரு ஜோடியை நான்கு வருடம் அப்படி வைத்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தபோது பின்னால் கறுப்புத் தூளாக ஏதோ உதிர்ந்துகொண்டே வந்தது. மண்டபத்துக்குள் அடிப்பாகம் போய் ஷூவின் வெறும் மேல்தோலோடு போனேன். பாலியூரிதேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து பொடியாகும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அது சீக்கிரம் நடக்கும். அந்த வகை ஷூ போட்டு நடப்பதற்கானது, சேமிப்பதற்கானது இல்லை.

‘மெலிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று எடுத்து வைப்பது பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

கடைசியாக, அலமாரியைப் புதுப்பிக்கும்போது வெளியே தெரிவதிலிருந்து தொடங்குவது. சேலை புதிது, உள்பாவாடையோ ஏழு வருடப் பழசு. அதன் மெல்லிய நாடா இடுப்பில் கறுத்த கோடு போட்டிருக்கும். தொய்ந்துபோன உள்ளாடைக்கு மேல் எந்தக் குர்தாவும் சரியாக உட்காராது. இந்த ஆடித் தள்ளுபடியில் நான் எடுத்தது அகல நாடா வைத்த பருத்தி உள்பாவாடை மூன்று, உள்ளாடைகள் நான்கு, மாலையில் போய் எடுத்த செருப்பு ஒரு ஜோடி. பையைத் திறந்து பார்த்த அம்மா, “புதுத் துணி எங்கே?” என்று கேட்டார்.