படக்கணக்கில் சண்டை வராமல் இருக்க

ராயபுரம், காசிமேடு பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழு எதிலும், எண்ணுக்குப் பதில் படம் போட்ட படக்கணக்கு வராத ஞாயிறு இல்லை. ஒன்று பாருங்கள் (படங்களை இங்கே சொல்லாக எழுதியிருக்கிறேன்):

படகு + படகு + படகு = 30
படகு + கூடை + கூடை = 18
கூடை + படகு × கூடை = ?

படகு 10, கூடை 4. சித்தப்பா 56 என்பார், தம்பி 44 என்பான். தம்பி செய்த வரிசை சரி. அடைப்புக்குறி இல்லாவிட்டால் பெருக்கல்தான் முதலில், கூட்டல் அப்புறம்.

ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாவது வரியில் கூடைக்கு நான்கு மீன், கடைசி வரியில் மூன்றே மூன்று! அப்போது கூடை 3, விடை 3 + 10 × 3 = 33. இந்த வகைக் கணக்கில் வில்லங்கம் பெரும்பாலும் கடைசி வரியில்தான். அதனால் கணக்குப் போடும் முன்பே ஒவ்வொரு படத்திலும் என்ன, எத்தனை என்று எண்ணித் தாளில் எழுதிவிடுங்கள். பலமுறை ஃபார்வர்டு ஆகி மங்கிப்போன படமென்றால் தெளிவான படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2019-இல் உலகமே அடித்துக்கொண்ட 8 ÷ 2(2+2) வேறு ரகம். 16 என்றும் வரும், 1 என்றும் வரும். எழுதிய விதமே குழப்பம். அதற்கு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள், அனுப்பியவரையே இன்னொரு அடைப்புக்குறி போடச் சொல்லுங்கள்.