எடை ஏறவே மாட்டேன் என்கிறதா? வயிற்றை அடைக்காமல் உடம்பைத் தேற்றும் வழி

ஒல்லியாக இருக்கிறவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் இரண்டே சொல்தான்: "நல்லா சாப்பிடு". சொன்னவர் அதோடு நகர்ந்துவிடுவார். கேட்டவர் இரண்டு நாள் வயிறு முட்டச் சாப்பிட்டுப் பார்த்து, மூன்றாம் நாள் உப்புசத்தில் வழக்கமான அளவைக்கூட இறக்க முடியாமல், நம் உடம்பு வாகே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவார். "காத்தடிச்சா பறந்துடுவ போலிருக்கே" என்று நாலு பேர் முன்னால் சொல்வதையும் அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பருமனானவரிடம் பேசத் தயங்கும் விஷயத்தை ஒல்லியானவரிடம் கூசாமல் பேசுகிறார்கள், அது சரியில்லை. எடைக் குறைவு ஓர் உடல்நலப் பிரச்சினை, அதற்கு வழியும் உண்டு, ஆனால் வயிற்றை அடைப்பது அந்த வழி இல்லை. சாப்பாட்டின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, அதற்குள் இருக்கும் கலோரியைக் கூட்ட வேண்டும், அதை மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

முதலில் கணக்கு

கிலோவில் உங்கள் எடையை எடுத்து, மீட்டரில் உங்கள் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 170 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் இருந்தால் 50 ÷ 1.7 ÷ 1.7, அதாவது 17.3. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 18.5, அதற்குக் கீழே போனால் எடைக் குறைவு. அந்த உயரத்துக்கு 18.5 என்பது சுமார் 53.5 கிலோ. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அவர்களுக்கு அளவுகோல் வேறு.

எண் மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்தே ஒல்லி, பல வருடமாக எடை ஒரே நிலையில், பசி தூக்கம் மாதவிடாய் எல்லாம் ஒழுங்கு, அப்பா அம்மாவும் அதே வாகு என்றால் பதற ஒன்றுமில்லை, பொறுமையாகத் தேற்றலாம். மாதவிடாய் தள்ளிப்போகிறது அல்லது நின்றே விட்டது, எப்போதும் குளிர்கிறது, அடிக்கடி காய்ச்சல் வருகிறது, மாடிப்படி ஏறினால் கால் துவள்கிறது என்றால் உடம்புக்குத் தேவையானது கிடைக்கவில்லை என்று பொருள். வெளியே தெரியாத இழப்பு எலும்பில் நடக்கும். எலும்பு அடர்த்தி சேரவேண்டிய இளம் வயதில் எடை குறைவாகவே இருந்தால், அதன் பலன் பல வருடம் கழித்து எலும்பு முறிவாக வரலாம்.

டாக்டரிடம் எப்போது

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீங்கள் முயற்சி செய்யாமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உங்கள் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்குக் கீழே வந்திருந்தால், சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை நோய், காசநோய், குடல் அழற்சி, கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், குடல் புழு, சில வகைப் புற்றுநோய், மனச்சோர்வு, இப்படிப் பல காரணங்கள் எடையை இறக்கும். சாப்பிடும் மாத்திரைகளில் சிலவும் பசியைக் குறைக்கும். நன்றாகச் சாப்பிட்டும் இறங்குகிறது, தாகமும் சிறுநீரும் அதிகம், படபடப்பு, இரவில் வியர்வை, நாள்பட்ட இருமல், அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பல்வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள், மெல்ல முடியாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர்கள் நிறைய உண்டு.

சாப்பிட்டால் குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தினாலேயே சாப்பாட்டைத் தள்ளுகிறவராக இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள கலோரிக் கணக்கு உங்களுக்கு உதவாது, தொந்தரவுதான் செய்யும். அது உணவு உண்ணுதல் சார்ந்த மனநலப் பிரச்சினை, குணமாக்கக் கூடியது, அதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்றும் அவசரமானது. பிஎம்ஐ 16க்குக் கீழே இருந்தாலோ, பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலோ, திடீரென்று நிறையச் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். பட்டினியில் கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

"எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறலையே"

இது பொய்ப் புகார் இல்லை. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 16 பேருக்கு 8 வாரம், தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூடச் சேரவில்லை, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. எடை ஏறாதவர்களின் உடம்பு, அவர்களுக்கே தெரியாமல், உட்காரும்போதும் நிற்கும்போதும் அங்கே இங்கே அசைந்து அந்தக் கூடுதலில் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தது. ஆக, உங்கள் நண்பருக்கு வேலை செய்த அளவு உங்களுக்குப் போதாமல் போகலாம்.

அதே சமயம் இன்னொரு பக்கமும் உண்டு. ஒல்லியானவர்கள் பலர் நினைக்கும் அளவுக்குச் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் விருந்தில் வெளுத்துக்கட்டியது நினைவில் நிற்கும், மறுநாள் காலை ஒன்றும் சாப்பிடாததும் மதியம் பாதியில் எழுந்ததும் நினைவில் நிற்காது. அதனால் எதையும் மாற்றாமல் நாலு நாள், அதில் ஒன்று விடுமுறை நாளாக, வாயில் போவதை எல்லாம் அப்படியே எழுதுங்கள். காபி, பிஸ்கட், விட்டுப்போன வேளை, எல்லாம். பெரும்பாலும் எங்கே ஓட்டை என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

தொடக்கத்துக்குத் தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதல் போதும். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ ஏறினால் அருமையான வேகம். அதைவிட வேகமாக ஏற்றினால் சேர்வதில் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் இருக்கும்.

அடர்த்தி

மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. வயிற்றில் இடம் குறைவாக உள்ளவருக்கு இந்த ஒரு கணக்குதான் அடிப்படை. இன்னொரு தட்டுச் சோறு திணிப்பது கஷ்டம், ஏற்கெனவே இருக்கும் சாப்பாட்டில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயோ அதற்கு இணையான வெண்ணெயோ கலந்தால் 100 முதல் 120 கலோரி சேர்ந்துவிடும், வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வேளை இப்படிச் செய்தால் தேவையில் பாதி முடிந்தது.

வேர்க்கடலை, முந்திரி, பாதாம், எள் எல்லாம் இதே வகை. ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், ஏறக்குறைய 170 கலோரி. மேஜையில், பையில், வேலை செய்யும் இடத்தில் ஒரு டப்பா இருக்கட்டும். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வராமல் பால், முட்டை, எண்ணெய் என்று போங்கள்.

பால் குடிப்பவரென்றால் கொழுப்பு நீக்காத பால் வாங்குங்கள், அதிலேயே இரண்டு மூன்று ஸ்பூன் பால்பவுடரைக் கரையுங்கள். நோயாளிகளைத் தேற்ற உணவியல் நிபுணர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் உத்தி இது, அளவு கூடாமலே புரதமும் கலோரியும் ஏறும். அந்தப் பாலைக் கஞ்சியிலும் காபியிலும் ஊற்றலாம்.

அப்புறம் குடிக்கும் உணவு. திட உணவு அளவுக்கு அது வயிற்றை நிறைத்துவிடாது, உடல் இளைக்க நினைப்பவருக்கு அது கெடுதல், உங்களுக்கு அதுவே வரம். கால் லிட்டர் பால், ஒரு வாழைப்பழம், இரண்டு டேபிள்ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெய், ஒரு பிடி ஓட்ஸ், எல்லாவற்றையும் மிக்சியில் அடித்தால் ஒரு பெரிய டம்ளரில் 550 கலோரி வரும். சாப்பாட்டுக்குப் பதிலாக இதைக் குடித்தால் கணக்கு அடிபட்டுவிடும். இரண்டு வேளைகளுக்கு நடுவிலோ படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போ குடியுங்கள். எனக்கு ஒரே ஒரு மாற்றத்தைத்தான் சொல்ல அனுமதி என்றால் இந்த டம்ளரைத்தான் சொல்வேன்.

காய்கறியும் பழமும் வேண்டும், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப்பும் ஒரு தட்டு வெள்ளரிக்காயும் உள்ளே போனால் அடுத்ததற்கு இடமிருக்காது. முதலில் புரதமும் சோறும், கடைசியில் இவை. காயை எண்ணெய் விட்டு வதக்கினால் இன்னும் நல்லது.

ஒல்லிதானே, என்ன வேண்டுமானாலும் தின்னலாம் என்று கூல்டிரிங்க்ஸ், கேக், பொரித்த பாக்கெட் தீனி என்று இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எடை குறைவாக இருப்பவருக்கும் சர்க்கரை நோய் வரும், இரத்தக் கொழுப்பு ஏறும். கைகால் குச்சியாகவே இருக்க வயிறு மட்டும் முன்னால் வருவதும் இப்படித்தான்.

பசி இல்லையே?

பசிக்குக் காத்திருக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி, எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பழகிய நேரத்துக்குத் தானாகவே ஏறும், அதனால் கொஞ்ச நாள் கட்டாயமாகச் சாப்பிட்டாலும் பிறகு அந்த நேரத்துக்குப் பசியே வந்து கூப்பிடும். சாப்பிடுவதற்குச் சற்று முன் இரண்டு டம்ளர் தண்ணீரோ காபியோ குடித்து வயிற்றை நிரப்பாதீர்கள். சிகரெட் பசியைக் கொல்லும், அதை நிறுத்த இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும். தனியாகச் சாப்பிடுபவர் முடிந்தால் யாருடனாவது சேர்ந்து சாப்பிடுங்கள், பேச்சோடு பேச்சாக இன்னும் நாலு வாய் போகும்.

தசையாகச் சேர

கூடுதல் கலோரி எங்கே போய்ச் சேரும் என்பதை ஓரளவு உங்கள் உழைப்பு தீர்மானிக்கிறது. தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சி, அதாவது எடை தூக்குவது, ஸ்குவாட், புஷ் அப் போன்றவை, வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் கால், நெஞ்சு, முதுகு மூன்றுக்கும் வேலை கொடுத்து. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்தால் கடைசி இரண்டும் சிரமமாக இருக்கும் அளவு எடை, அது சுலபமானதும் கொஞ்சம் கூட்டுங்கள். ஜிம் கட்டாயமில்லை. எலும்புக்கும் இதே பயிற்சிதான் நல்லது. மணிக்கணக்கில் ஓடுவதை இப்போதைக்குக் குறைத்துக்கொள்ளலாம், நடை தொடரட்டும், நடந்தால் பசிக்கும். மாதவிடாய் நின்றிருந்தாலோ மயக்கம் வந்தாலோ டாக்டரைக் கேட்காமல் பயிற்சியைத் தொடங்க வேண்டாம்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை. 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 80 கிராம். இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், 50 கிராம் வேர்க்கடலை, ஒரு கப் வேகவைத்த பருப்பு, இவற்றிலேயே ஏறக்குறைய 58 கிராம் வந்துவிடும், மீதி சோற்றிலும் ரொட்டியிலும் வரும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

பவுடரும் மாத்திரையும்

எடை கூட்டும் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தும் பால் புரதமும்தான் இருக்கும். வாங்கினால் குற்றமில்லை, மேலே சொன்ன டம்ளர் அதே வேலையைச் செய்யும்.

மாத்திரை விஷயம் அப்படியல்ல. பெயர் தெரியாத "உடம்பு போடும்" மாத்திரைகளில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும் ஆபத்து உண்டு. முகம் உப்பும், கன்னத்தில் சதை வைக்கும், பார்ப்பவர்களும் தேறிவிட்டதாகச் சொல்வார்கள். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு கரையும், தொற்று சுலபமாகப் பிடிக்கும். பல நாள் சாப்பிட்டுவிட்டு சட்டென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோன் கிடைக்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மாத்திரையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பசிக்காக விற்கப்படும் சைப்ரோஹெப்டடின் ஓர் அலர்ஜி மருந்து, தூக்கம் தள்ளும், அதையும் டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள்.

எடை பார்ப்பது

வாரம் ஒருமுறை, காலையில், கழிவறை போய்வந்த பிறகு, ஏதும் சாப்பிடுமுன், அதே மெஷினில். ஒரே நாளுக்குள் தண்ணீராலும் சாப்பாட்டாலும் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி இறங்கும், தினமும் பார்த்தால் மனசுதான் உடையும். முதல் வாரத்தில் சட்டென்று ஏறுவதில் தண்ணீர் நிறைய இருக்கும், தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்துச் சேமிப்பும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்துவைக்கும், அதனால் அடுத்த வாரம் வேகம் குறைந்தால் கலங்க வேண்டாம். மூன்று வாரமாக முள் அசையவே இல்லையென்றால் இன்னும் 200 கலோரி கூட்டுங்கள், அது ஒரு கைப்பிடிக் கடலையும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும்தான். இரண்டு மூன்று மாதம் சரியாகச் செய்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் எழுதிவைத்த தாளோடு டயட்டீஷியனையும் டாக்டரையும் பாருங்கள், அந்தத் தாள் அவர்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நினைத்த எடை வந்ததும் பழையபடி காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள், வந்தது வந்த வழியே போய்விடும். கூடிய உடம்புக்குச் செலவும் கூடியிருக்கும். நடுவில் சேர்த்த தீனிகளில் ஒன்றை மட்டும் குறைத்து, இரண்டு வாரம் எடையைக் கவனித்து, அது நின்ற இடத்தில் நின்றால் அதுவே இனி உங்கள் அன்றாடச் சாப்பாடு.