மேகத்துக்குள் நுழையும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

சிறு விமானத்தைக் கண்ணால் பார்த்து ஓட்டும் விமானி, மேகத்துக்குள் போனதும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? இல்லினாய் பல்கலைக்கழகம் கருவிப் பயிற்சி (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சி) இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்து, 1954இல் முடிவை வெளியிட்டது. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகள். சிலருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

காரணம் உள்காதில் இருக்கிறது. விநாடிக்கு 2 பாகைக்கும் குறைவாக விமானம் மெல்லச் சாய்ந்தால் காதுக்குத் தெரியாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தாலும், சுமார் 20 விநாடிகளில் காதிலுள்ள திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். விமானத்தின் மூக்கு தாழ்ந்து வேகம் ஏறுவதைப் பார்த்ததும் கை தானாகக் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுக்கும். சாய்ந்த நிலையில் இழுத்தால் திருப்பம்தான் இறுகும், உயரம் கிடைக்காது. முதலில் எஞ்சின் விசையைக் குறையுங்கள், செயற்கை அடிவானத்தை (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) பார்த்து இறக்கைகளைச் சமமாக்குங்கள், அதன்பிறகே மூக்கை மெல்லத் தூக்குங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

ஆனால் பெரிய தவறு அதற்கும் முன்பே நடக்கிறது: திரும்புவதைத் தள்ளிப்போடுவது. "இன்னும் கொஞ்சம் தூரம்தான், அங்கே தெளிந்திருக்கும்" என்ற நினைப்பில் மேகத்தோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 நாட் வேகம் என்றால் விநாடிக்கு 51 மீட்டர். பார்வைத்தூரம் 1.5 கிலோமீட்டராகச் சுருங்கினால், கண்ணில் படும் மலைக்கும் உங்களுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. 30 பாகை சாய்வில் திரும்பவே சுமார் 940 மீட்டர் அகலம் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் அது கிடைக்காது. பயந்து 60 பாகைக்குச் சாய்த்து உயரத்தைக் காக்க முயன்றால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்) 41 சதவீதம் கூடிவிடும். பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் ஒரு பக்கமாக ஒட்டிப் போனால், திரும்ப முழு அகலமும் மிஞ்சும்.

சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தையே இலக்காக வைப்பது அடுத்த தவறு. 10,000 அடிக்குக் கீழே பன்னாட்டு விதி பொதுவாகக் கேட்பது 5 கிலோமீட்டர் பார்வைத்தூரம். இருண்ட இரவில், கடல்மேல் புகைமூட்டம் இருந்தால் 5 கிலோமீட்டர் என்பது வெறும் எண்; அடிவானமே இருக்காது. 1999 ஜூலையில் அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே, முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானம் விழுந்தது அப்படியொரு இரவில்தான்.

வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. 3 டிகிரிக்குள் சுருங்கினால் மூடுபனியை எதிர்பாருங்கள். வெயில் நாளில் அந்த வித்தியாசத்தை 400ஆல் பெருக்கினால் திரள்மேகத்தின் அடி எத்தனை அடி உயரத்தில் என்று தோராயமாகத் தெரியும்.

தப்பித்தவறி உள்ளே போய்விட்டால் வெளியே தேடாதீர்கள். ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் போய்க்கொண்டிருக்கும் திசைக்கு எதிர்த்திசையைக் குறித்துக்கொண்டு, சுமார் 15 பாகை சாய்வில் ஒரு நிமிடம் திரும்புங்கள்; 180 பாகை முடிந்துவிடும். தரை எங்கே என்று தெரியாமல் இறங்க வேண்டாம். நேரானதும் கட்டுப்பாட்டு அறையிடம் "மேகத்தில் இருக்கிறேன், கருவித் தகுதி இல்லை" என்று மழுப்பாமல் சொல்லுங்கள். அலைவரிசை தெரியாவிட்டால் அவசர அலைவரிசையான 121.5இல் பேசுங்கள்; ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700ஐப் போடுங்கள்.